படிப்பில் பாதி, ஆய்வில் ஆறில் ஒருவர்

பெண்கள் அறிவியலுக்கு வருவதில்லை என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் உயர்கல்விக்கான அகில இந்திய ஆய்வறிக்கை அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. 2021-22ஆம் கல்வியாண்டில் இளநிலை முதல் முனைவர் பட்டம் வரை அறிவியல் பிரிவில் படித்தவர்கள் 57.2 லட்சம் பேர். அவர்களில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். பாதிக்கும் மேலே பெண்கள்தான்.

இதே நாட்டில் 2018 நிலவரப்படி ஆய்வு, மேம்பாட்டுப் பணியில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் 3.42 லட்சம் பேர். அதில் பெண்கள் 56,747. நூற்றுக்கு 16.6, அதாவது ஆறில் ஒருவர்.

இந்த இரண்டு எண்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து ‘இத்தனை பேர் காணாமல் போனார்கள்’ என்று சொல்லிவிட முடியாது. முதலாவது, இன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் கணக்கு. இரண்டாவது, முப்பது ஆண்டுகளாகப் பல்வேறு காலத்தில் படித்து வேலைக்கு வந்தவர்களின் கணக்கு. அதில் தொழிற்சாலை ஆய்வுக்கூடங்களும் பொறியியலும் அடங்கும். காலம் போகப் போகத் தானாகச் சரியாகிவிடும் என்று வாதிடுபவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த வாதத்துக்கு உயிரியலே பதில். உயிரியல் வகுப்பறைகளில் பெண்கள் நிறைந்திருப்பது நேற்று இன்று தொடங்கியதல்ல. அங்கும் துறைத்தலைவர், இயக்குநர் வரிசைகளில் பெண்கள் அந்த அளவுக்கு இல்லை. காலம் மட்டும் சரிசெய்யும் குறை என்றால் இந்நேரம் சரியாகியிருக்க வேண்டும்.

ஆக, பள்ளி வாசலில் நின்று ‘பெண்ணே, அறிவியல் படி’ என்று சொல்வதால் இனி பெரிய பலன் இல்லை. பொறியியலில் மட்டும் நுழைவிலேயே சிக்கல் இருந்தது. ஐ.ஐ.டி.களில் மாணவிகள் பத்தில் ஒருவர்கூட இல்லாத நிலையில், 2018இல் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. மற்றவர்களுக்கான இடங்களில் கை வைக்காமல், மாணவிகளுக்கென மேற்கொண்டு சேர்த்த இடங்கள் அவை. பங்கு 2018இல் 14 சதவீதம், 2019இல் 17, 2020இல் 20 என்று உயர்ந்தது. நுழைவுத் தடையை நிர்வாக முடிவு ஒன்றே இவ்வளவு விரைவில் நகர்த்திவிடும். நுழைந்த பிறகு வரும் தடைகள் அப்படி அல்ல. அவை விதிகளின் இண்டு இடுக்குகளில் இருக்கின்றன.

அதைப் புரிந்துகொள்ள ஒரு பணிவாழ்வைக் கூர்ந்து பார்க்கலாம்.

அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம் என்ற சி.எஸ்.ஐ.ஆர். 1942இல் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் 37 ஆய்வகங்கள் அதன் கீழ் இருக்கின்றன. அதன் தலைமை இயக்குநராக ஒரு பெண் வருவதற்கு 80 ஆண்டுகள் ஆயின. 2022 ஆகஸ்டில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ந. கலைச்செல்வி. திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் பகுதியைச் சேர்ந்தவர். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர். கல்லூரியில் அறிவியல் கருத்துகள் பிடிபட அந்தத் தமிழ்வழிப் படிப்புதான் துணைநின்றது என்று அவரே சொல்லியிருக்கிறார். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், ஊரார் வாயில் ‘சிக்ரி’, மின்கலங்களுக்கான மின்வாய்ப் பொருள்களில் கால் நூற்றாண்டு ஆய்வு செய்தவர். லித்தியம் அயனி மின்கலம், லித்தியம்-கந்தக மின்கலம், மீமின்தேக்கி (சூப்பர் கெப்பாசிட்டர்) ஆகியவை அவர் களம். 2019 பிப்ரவரியில் அந்த நிலையத்துக்கே இயக்குநரானார். அங்கும் அவரே முதல் பெண். மூன்றரை ஆண்டுகளில் அமைப்பு முழுவதற்கும் தலைமை.

செய்திகளில் ‘முதல் பெண்’ என்ற சொல்தான் பெரிதாக வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சி.எஸ்.ஐ.ஆர். பணியில் தொடக்க நிலை விஞ்ஞானியாகச் சேர்ந்தவர் அதே அமைப்பின் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி உச்சிக்கு வந்திருக்கிறார். அப்படி ஏற ஓர் ஏணி இருந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அந்த ஏணியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான அரசு அலுவலகங்களில் மேலே ஓர் இடம் காலியானால்தான் கீழே இருப்பவர் உயர முடியும். சி.எஸ்.ஐ.ஆர்., இஸ்ரோ போன்ற அறிவியல் அமைப்புகளில் விஞ்ஞானிகளுக்கு அப்படி இல்லை. குறிப்பிட்ட ஆண்டுகள் ஒரு நிலையில் பணியாற்றினால் மதிப்பீட்டுக்குத் தகுதி வரும். அவரது ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கையின் மதிப்பெண் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். பிறகு வெளி நிபுணர்கள் அடங்கிய குழுவின் நேர்காணல். தேறினால் அவர் வகிக்கும் பதவியே மேல்நிலைக்கு உயர்த்தப்படும். விஞ்ஞானி, முதுநிலை விஞ்ஞானி, முதன்மை விஞ்ஞானி, முதுநிலை முதன்மை விஞ்ஞானி, தலைமை விஞ்ஞானி என்று வரிசை போகும். யாரும் ஓய்வுபெறக் காத்திருக்க வேண்டாம். ஊர் மாற வேண்டிய கட்டாயமும் குறைவு. ஒரே ஊரில் குடும்பத்தை வைத்துக்கொண்டு ஒரே ஆய்வகத்தில் இருபது ஆண்டு உழைத்து மேலே வர முடியும் என்பது பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்-1 ஏவப்பட்டபோது அதன் திட்ட இயக்குநர் அவர். சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர் வனிதா முத்தையாவும் திட்டப் பயண இயக்குநர் ரீத்து கரிதாலும் இதே போல உள்ளிருந்து வளர்ந்தவர்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது இளம் வயதில் கிடைத்த நிரந்தரப் பணி. அதைப் பெற்றவர்கள் வளர்ந்தார்கள். பெறாதவர்களின் பெயர் நமக்குத் தெரிவதே இல்லை.

எனவே முதல் தடை அந்த நிரந்தரப் பணியைப் பெறுவதில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதுநிலைப் பட்டம் முடிக்கும்போது வயது 22 அல்லது 23. இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். தேர்வில் தேறி நெறியாளரைப் பிடித்துப் பதிவு செய்ய 24. முனைவர் பட்டம் கையில் வர ஐந்து, ஆறு ஆண்டுகள். 29 அல்லது 30 ஆகிவிடும். சி.எஸ்.ஐ.ஆர். தொடக்க நிலை விஞ்ஞானி பணிக்கான விளம்பரங்களில் வழக்கமான உச்ச வயது 32. நடுவில் வெளிநாட்டில் இரண்டாண்டு போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி, செய்திருந்தால்தான் தேர்வுக்குழு ஏறெடுத்துப் பார்க்கும் என்பது எழுதப்படாத விதி. ஆக, 24 முதல் 32 வரையிலான எட்டு ஆண்டுகளில் முனைவர் பட்டம், போஸ்ட்டாக், வேலை தேடல் எல்லாம் முடிந்தாக வேண்டும். இந்த நாட்டில் பெண்ணுக்குத் திருமணமும் முதல் குழந்தையும் எதிர்பார்க்கப்படுவதும் அதே எட்டு ஆண்டுகளில்தான். இரண்டும் ஒரே கதவில் மோதுகின்றன.

விதிகள் இதைப் பார்க்காமல் இல்லை, பாதி பார்த்திருக்கின்றன. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. முனைவர் ஆய்வுக் காலத்தில் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை ஒருமுறை விடுப்பு எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி சொல்கிறது. பட்டத்தை முடிக்கவும் பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு தரப்படுகிறது. நல்லவைதான். ஆனால் தளர்வைப் பயன்படுத்தி 33 வயதில் ஆய்வைத் தொடங்குபவர் 39இல் பட்டம் வாங்குவார். அந்த வயதில் தொடக்க நிலையில் எடுத்துக்கொள்ளும் நிரந்தரப் பணி எங்கே? உள்ளே வரும் கதவை அகலமாக்கிவிட்டு அடுத்த கதவை அப்படியே விட்டால், அந்த இரண்டு கதவுக்கும் இடையில்தான் கூட்டம் தேங்கும். தற்காலிகத் திட்ட ஊழியர்களாகவும் தொகுப்பூதிய விரிவுரையாளர்களாகவும் தேங்கியிருப்பவர்களில் முனைவர் பட்டம் பெற்ற பெண்கள் ஏராளம்.

அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03 முதல் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தை நடத்தியது. குடும்பக் காரணத்தால் இடைவெளி விட்டவர்கள் மூன்றாண்டு உதவித்தொகையோடு ஆய்வுக்குத் திரும்ப வழி செய்தது அது. 2014இல் கிரண் என்ற குடையின் கீழ் வந்தது. பிறகு வைஸ்-கிரண் என்று விரிந்தது. ஊர் மாறும் கணவரோடு போக வேண்டியிருக்கும் பெண் விஞ்ஞானிகளுக்கான இடமாற்ற உதவியும் அதில் சேர்ந்தது. ஆயிரக்கணக்கானோரை ஆய்வகத்துக்குத் திரும்பக் கூட்டிவந்த திட்டம் என்பதால் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அதன் குறை ஒன்றே ஒன்று. மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் இரண்டு ஆய்வுக் கட்டுரையும் மூன்று வயது கூடுதலும் இருக்கும், வேலை இருக்காது. திட்டத்தை ஏற்று நடத்தும் நிறுவனம், உதவித்தொகை முடிந்ததும் அந்தப் பெண்ணை ஒரு பணியிடத்துக்குப் பரிசீலிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் விளைவே வேறாக இருக்கும்.

மகப்பேறு விடுப்பைப் பற்றிப் பேசும்போது, நாள்களின் எண்ணிக்கையோடு பேச்சு நின்றுவிடுகிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். மத்திய அரசுப் பணியில் நிரந்தர ஊழியருக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு. அதன்மேல், குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை மொத்தம் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. அதில் முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். தந்தைக்கு 15 நாள். இந்த 180-க்கும் 15-க்கும் உள்ள இடைவெளியே தேர்வுக்குழுவின் மனத்தில் ஒரு கணக்கை எழுதிவிடுகிறது: ‘இந்த அம்மாவை எடுத்தால் ஆறு மாதம் ஆள் இருக்காது.’ தந்தையின் விடுப்பு நீளும்வரை அந்தக் கணக்கு அழியாது என்றே நினைக்கிறேன்.

ஆனால் சோதனை அறிவியலில் விடுப்பு நாள்களைவிடப் பெரிய பிரச்சினை, விடுப்பின்போது வேலை அறுந்துபோவது. மின்கல ஆய்வையே எடுத்துக்கொள்வோம். ஒரு புதிய மின்வாய்ப் பொருள் தாங்குமா என்று பார்க்க, சிறு காசு வடிவ மின்கலம் செய்து, திரும்பத் திரும்ப மின்னேற்றி இறக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஏற்றி ஒரு மணி நேரத்தில் இறக்கும் வேகத்தில் ஒரு சுற்றுக்கு 2 மணி நேரம். ஆயிரம் சுற்றுக்கு 2,000 மணி நேரம். இரவு பகலாக ஓடினாலும் 83 நாள். நடுவில் மின்தடை வந்து கருவி நின்றால், அறை வெப்பநிலை ஏறி இறங்கினால், அந்தத் தரவு போனது போனதுதான். மின்கலத்தை அடைக்கும் க்ளவ் பாக்ஸ் என்ற, கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள் ஆர்கான் வாயு நிறைந்திருக்க வேண்டும். ஈரம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். அதைப் பிடித்துவைக்கும் உறிஞ்சுபொருளை அவ்வப்போது சூடாக்கிப் புதுப்பிக்க வேண்டும். ஆளில்லாமல் சில வாரம் விட்டால், ஈரம் ஏறி, மின்பகுபொருளில் உள்ள லித்தியம் உப்பு சிதைந்து, ஹைட்ரஜன் ஃபுளூரைடு உருவாகி, அடுத்து செய்யும் ஒவ்வொரு மின்கலமும் கெடும்.

இப்போது 26 வாரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாண்டுத் திட்டத்தில் 156 வாரம். அதில் 26 போனால் ஆறில் ஒரு பங்கு. உண்மையான இழப்பு அதைவிடக் கூடுதல், ஏனென்றால் திரும்பி வந்ததும் பெட்டியைச் சுத்தம் செய்து, பொருளை மறுபடி தயாரித்து, பழைய முடிவு மறுபடி வருகிறதா என்று பார்க்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும். திட்டக் காலமோ தானாக நீளாது. கால நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், அந்தக் காலத்துக்கான ஆய்வு உதவியாளர் சம்பளத்துக்குத் தனியே பணம் கேட்க வேண்டும். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். விடுப்புக்கு நான்கு மாதம் முன்பே, ஓடிக்கொண்டிருக்கும் சோதனைகளின் பட்டியல் எழுதப்பட வேண்டும்: எது நிற்கக் கூடாதது, எது நின்றால் பரவாயில்லை, எதை யார் பார்ப்பது. ஒரு தொழில்நுட்ப உதவியாளரின் நேரத்தை நிறுவனம் பெயர் குறிப்பிட்டு ஒதுக்க வேண்டும்; சக ஊழியரின் நல்ல மனத்தை நம்பி விடக் கூடாது. கருவி நேரத்துக்கான முன்பதிவு அந்தப் பெண்ணின் பெயரிலேயே தொடர வேண்டும். கட்டுரையில் பெயர் வரிசை எப்படி இருக்கும் என்பதும் விடுப்புக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிடுவதால்தான், முக்கால்வாசி வேலையைச் செய்தவர் இரண்டாம் பெயராகவோ மூன்றாம் பெயராகவோ போய்விடுகிறார்.

பாதுகாப்பு இன்னொரு பெரிய பகுதி, ஆய்வகக் கையேடுகளில் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுவது. மின்வாய் பூசும் கலவைக்குப் பசையாகப் பி.வி.டி.எஃப். என்ற பலபடியை (பாலிமர்) பயன்படுத்துகிறார்கள், அதைக் கரைக்க என்.எம்.பி. என்ற கரைப்பான். அது கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். ஆய்வகங்களில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் மெல்லிய நைட்ரைல் கையுறை அதற்கு நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும். கருவுற்றிருப்பது தெரிவதற்கு முன்பே முதல் சில வாரங்கள் கடந்துவிடும் என்பதால், ‘சொன்ன பிறகு வேலையை மாற்றித் தருகிறோம்’ என்பது போதாது. வாயு உறிஞ்சும் அடைப்புக்குள்தான் கலவை கலக்க வேண்டும் என்ற ஒழுங்கு எல்லோருக்கும், எப்போதும் இருக்க வேண்டும். கிராஃபைட் எதிர்மின்வாய்க்கு நீரில் கரையும் பசைகளே போதும். மாற்று இருக்கும் இடத்தில் மாறிவிடலாம். கதிரியக்கத்தோடு வேலை செய்பவர் கருவுற்றதை அறிவித்த பிறகு, மீதி மாதங்களில் கருவுக்குச் சேரும் கதிர்வீச்சின் அளவு 1 மில்லிசீவெர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு.

இந்த விதிகளின் பெயரால் பெண்ணை ஆய்வகத்தை விட்டே வெளியே அனுப்புவதும் நடக்கிறது. ‘உனக்கு எதுக்கும்மா ரிஸ்க், வீட்டிலிருந்து கட்டுரை எழுது’ என்ற அக்கறைப் பேச்சு அடுத்த மதிப்பீட்டில் ‘சோதனை அனுபவம் போதாது’ என்று திரும்பி வரும். ஆபத்தான வேலையை மட்டும் பிரித்து மற்றொருவருக்குக் கொடுத்துவிட்டு, சோதனை வடிவமைப்பும் தரவுப் பகுப்பாய்வும் அவர் கையிலேயே இருக்கும்படி செய்வதுதான் முறை.

அடுத்தது தேர்வுக்குழு. இங்கே உலக அளவில் நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. 1997இல் ஸ்வீடனின் கிறிஸ்டின் வென்னெரோஸும் ஆக்னஸ் வோல்டும் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவித்தொகை மதிப்பெண்களை ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஆணுக்குக் கிடைத்த அதே தகுதி மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் சுமார் இரண்டரை மடங்கு ஆய்வு வெளியீடு காட்ட வேண்டியிருந்தது. 2012இல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஒரே விண்ணப்பம் இரண்டு பெயர்களில் தரப்பட்டது. ஜான் என்ற பெயருக்கு அவர்கள் சொன்ன சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 30,238 டாலர், ஜெனிஃபருக்கு 26,508. குறைத்துச் சொன்னவர்களில் பெண் பேராசிரியர்களும் உண்டு. அதனால்தான், குழுவில் ஒரு பெண் உறுப்பினரை உட்காரவைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் தவறு. அந்த ஒரு பெண்ணையே எல்லாக் குழுக்களுக்கும் அழைப்பதால் அவருடைய ஆய்வு நேரம் போவது மேலும் ஒரு இழப்பு.

எது உதவுகிறது? கனடாவின் சுகாதார ஆராய்ச்சி நிதியமைப்பில் ஓர் இயல்பான ஒப்பீடு கிடைத்தது. ஆய்வுத் திட்டத்தின் தரத்தைப் பார்த்து மதிப்பிடும் பிரிவில் ஆண், பெண் வெற்றி விகித வேறுபாடு 0.9 சதவீதப் புள்ளி. விண்ணப்பிப்பவர் எவ்வளவு பெரிய விஞ்ஞானி என்று பார்த்து மதிப்பிடும் பிரிவில் அதுவே 4.0. கேள்வியை மாற்றினால் விடை மாறுகிறது. ‘இவர் எப்படிப்பட்டவர்’ என்று கேட்கும்போது, நம் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் விஞ்ஞானியின் உருவம் குறுக்கே வந்து நிற்கிறது.

ஹபிள் தொலைநோக்கியின் நேர ஒதுக்கீட்டில் 2018இல் விண்ணப்பதாரர் பெயரை மறைத்தார்கள். அந்தச் சுற்றில் பெண்கள் தலைமையிலான விண்ணப்பங்களில் 8.7 சதவீதமும் ஆண்களுடையதில் 8.0 சதவீதமும் தேறின. பெயரை அழித்தால் மட்டும் ஆள் யார் என்பது மறைந்துவிடாது என்பதால் எழுத்து முறையையே மாற்றினார்கள். ‘நாங்கள் முன்பு காட்டியபடி’ என்று எழுதக் கூடாது; ‘ஐந்தாம் மேற்கோள் காட்டியபடி’ என்று எழுத வேண்டும். குழுவின் அனுபவத்தைச் சொல்லும் தாள் தனி உறையில் இருக்கும். தரவரிசை முடிந்த பிறகுதான் திறக்கப்படும். இந்திய நிதியமைப்புகளில் முதல் கட்ட வடிகட்டலுக்காவது இதைச் செய்ய எந்தச் செலவும் இல்லை.

பணித்தேர்வில் பெயரை முழுக்க மறைக்க முடியாது. அங்கே மூன்று காரியம் செய்யலாம். விண்ணப்பங்களைத் திறக்கும் முன்பே, எந்தத் தகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுவது. இல்லையென்றால் பிடித்தவரிடம் இருக்கும் தகுதியே முக்கியத் தகுதியாகிவிடும். அடுத்து, பட்டம் பெற்ற ஆண்டிலிருந்து இன்றுவரை உள்ள காலத்தில் விடுப்புகளைக் கழித்து ஆய்வு வயதைக் கணக்கிடுவது. பிறந்த தேதியை வைத்து ஒப்பிடக் கூடாது. மூன்றாவதாக, பரிந்துரைக் கடிதங்களைக் கவனமாகப் படிப்பது. புவியறிவியலில் 54 நாடுகளிலிருந்து வந்த 1,224 கடிதங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, மிகச் சிறந்த தரத்துக் கடிதம் கிடைக்கும் வாய்ப்பு ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களுக்குப் பாதிதான் என்று கண்டது. நம் கடிதங்களிலும் அந்த வாடை தெரியும். பெண்ணுக்கு ‘கடின உழைப்பாளி, பொறுமையானவர், எல்லோரிடமும் இணக்கமாகப் பழகுபவர்’. ஆணுக்கு ‘இந்தத் துறையின் திசையை மாற்றக்கூடியவர்’. எழுதுபவருக்குத் தீய எண்ணம் இருப்பதில்லை. கடிதத்தை எழுதி முடித்ததும் பெயரை ஆணாக மாற்றி ஒருமுறை படித்துப் பார்த்தால் அவருக்கே புலப்படும்.

பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 முதல் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். தலைவர் மூத்த பெண் அலுவலர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகாருக்கு மூன்று மாதம், விசாரணைக்கு 90 நாள். ஆய்வகத்தில் இது தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஆய்வு மாணவியின் உதவித்தொகைச் சான்று, ஆய்வேட்டுக் கையெழுத்து, வேலைக்கான பரிந்துரை எல்லாம் ஒரே நெறியாளர் கையில். புகார் சரியென்று தீர்ப்பு வந்தாலும் அவள் ஆய்வு அனாதையாகிவிடும். ஒவ்வொரு மாணவிக்கும் பதிவின்போதே இணை நெறியாளர் ஒருவரை நியமித்து, மாற்றிக்கொள்ளும் வழிமுறையையும் எழுதிவைத்தால்தான் சட்டத்துக்கு உயிர் வரும்.

பழைய வரலாறு இதையெல்லாம் வேறு வடிவில் காட்டுகிறது. 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கமலா சோஹோனிக்கு முதலில் இடம் மறுத்தவர் சி.வி. ராமன். விடாப்பிடியாக நின்று, நிபந்தனைகளோடு சேர்ந்தார் கமலா. 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்த அன்னா மணி 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். முதுநிலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் தரப்படவில்லை. வானிலைத் துறைக்குப் போய், கருவிகளை நாட்டிலேயே செய்து தரப்படுத்தும் பணியைக் கட்டியெழுப்பி, துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வுபெற்றார். ஒருவருக்கு ஒரு மனிதரின் மறுப்பு, மற்றவருக்கு ஒரு விதியின் வரி. இன்று முதல் வகை குறைந்திருக்கிறது. இரண்டாம் வகையோடுதான் இப்போதைய போராட்டம்.

பாலினச் சமத்துவத்தில் நிறுவனங்களே தம்மைத் தணிக்கை செய்துகொள்ளும் முறையைப் பிரிட்டன் 2005இல் அதீனா ஸ்வான் என்ற பெயரில் தொடங்கியது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று தரம். 2011இல் மருத்துவ ஆராய்ச்சி நிதிக்கு வெள்ளித் தரம் தேவை என்ற நிபந்தனை வந்த பிறகுதான் பல துறைகள் அதைப் பொருட்படுத்தின. இந்தியாவின் கதி திட்டம் 2020இல் அதே வழியில் அறிவிக்கப்பட்டு, முதல் கட்டமாக 30 நிறுவனங்களோடு தொடங்கியது. பிரிட்டனில் கண்ட குறை இங்கும் வரக்கூடும்: தணிக்கைத் தாள்களை நிரப்பும் வேலை முழுதும் அங்கிருக்கும் சில பெண்களின் தலையில் விழும். அந்த வேலையைப் பணி மதிப்பீட்டில் மதிப்பெண்ணாகக் கணக்கிட வேண்டும், அல்லது அதற்கென்றே ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும். தன்னம்பிக்கைப் பட்டறைகளைப் பற்றியும் ஒரு சொல். செலவு குறைவு, புகைப்படம் நன்றாக வரும். அதனால் எங்கும் நடக்கின்றன. 83 நாள் சோதனையை விடுப்பில் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடையாது.

நிறுவனத் தலைவர் ஒருவர் எங்கே தொடங்குவது என்று கேட்டால், அளவுநாடாவில் தொடங்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மூலக்கூறு உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ் 1990களில் அதைத்தான் செய்தார். தமக்கும் சக ஆண் பேராசிரியர்களுக்கும் ஒதுக்கப்பட்ட ஆய்வக இடத்தை அறை அறையாகச் சதுர அடியில் அளந்தார். அதிலிருந்து பிறந்த விசாரணை 1999இல் அறிக்கையாக வந்தது. பெண் பேராசிரியர்களுக்கு இடமும் வளங்களும் குறைவாகத் தரப்பட்டதை நிர்வாகம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நம் ஆய்வகங்களில் அளக்க வேண்டியவை: ஒவ்வொரு விஞ்ஞானிக்கும் எத்தனை சதுர அடி, எத்தனை தொழில்நுட்ப உதவியாளர், பொதுக் கருவியில் மாதம் எத்தனை மணி நேரம், அதில் பகல் எவ்வளவு, இரவு எவ்வளவு, சேர்ந்தபோது கிடைத்த தொடக்க நிதி, கடந்த ஐந்தாண்டில் மதிப்பீட்டுக்குத் தகுதி வந்த தேதிக்கும் உயர்வு கிடைத்த தேதிக்கும் இடைப்பட்ட மாதங்கள், விண்ணப்பித்தவர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர், தேறியவர் என மூன்று வரிசையில் ஆண், பெண் எண்ணிக்கை. எல்லாம் ஏற்கெனவே அலுவலகக் கோப்புகளில் கிடக்கும் விவரம்தான். ஒரு கணக்கரும் ஒரு வாரமும் போதும். ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் இரண்டு பக்க அட்டவணையாக அதை வெளியிடலாம், அடுத்த ஆண்டும் அதே வரிசைகளில்.